பூஜ்யம் முன்வாசல், ஒன்று பின்வாசல்

பத்ரிநாத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. சுத்தமானவன். தினமும் இரண்டு வேளை குளிப்பான். மரியாதை முடிந்தது, கண்ணுகளா. இனி நடந்ததைக் கேளுங்கள்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் சில தெருக்கள் தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மகாராஜா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பேரன்மார்தான் அங்கே பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள். முன்வாசலில் வழவழப்பான கருங்கல், இரண்டு பக்கமும் செம்பருத்தி, காவலுக்கு உத்தமன். பின்வாசல் ஒரு சந்தில் திறக்கும். சந்தில் குப்பைத்தொட்டிகள், ஒரு சாக்கடை, அந்தச் சாக்கடையை நம்பி வாழும் எலிகள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அசோசியேஷன் விதி. ஏன் என்று கேட்டால் செக்யூரிட்டி என்பார்கள். வெட்கப்பட வேண்டிய பல விஷயங்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

பத்ரிநாத் அந்த அசோசியேஷனின் காரியதரிசி. பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜர். கம்ப்யூட்டரைக் கையால் தொட்டு வேலை பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. தொடுகிறவர்களைத் திட்டுவதுதான் அவன் வேலை. ஆனாலும் கைப்பழக்கம் போகவில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக வாசல்களுக்கு ஒரு ஏற்பாட்டைத் தானே செய்தான். சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக இரண்டு கார்டு ரீடர்கள். முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. இரண்டிலிருந்தும் ஒயர் இழுத்து, உத்தமன் அறையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் சொருகினான். வருகிறவர்கள் கார்டைக் காட்ட வேண்டும். அந்தப் பெட்டி கதவைத் திறக்காது, மூடாது. பீப் என்று கத்திவிட்டுக் கோள் சொல்லும். 'மரகதம், பின்வாசல்' என்று வீட்டுக்காரர்களின் போனுக்கு ஒரு செய்தி போகும். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி வீட்டு ஓனருக்குக் கோள் போகும். ஓனர்கள் வருவதும் போவதும்கூட அவரவர் போனில் பதிவாகத்தான் செய்தது; ஆனால் அது கத்துவதை மட்டும் அணைத்து வைத்துவிட்டார்கள். தங்களைப் பற்றித் தங்களிடமே யார் கோள் சொல்வது?

இப்போது ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கணக்கெல்லாம் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளைச் சொருகினால் கம்ப்யூட்டருக்கு எது எது என்று தெரியாது. முதலில் அதன் கண்ணில் பட்டதைப் பூஜ்யம் என்று கூப்பிடும், அடுத்ததை ஒன்று என்று கூப்பிடும். அது வந்த வரிசைதான், வைத்த பெயர் இல்லை. கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவனையெல்லாம் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது போல. நாளைக்கு வேறு ஒருத்தன் முதல் இலையில் உட்கார்ந்தால் அவன்தான் மாப்பிள்ளை. பத்ரிநாத் எழுதி வைத்தது என்ன? 'பூஜ்யம் முன்வாசல், ஒன்று பின்வாசல்.' முன்வாசல் உசத்தி, அதனால் அது எப்போதும் முதலில்தான் வரும் என்பது அவன் நினைப்பு. அவனுடைய அப்பாவும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டர் இல்லாமலேயே.

மரகதம் நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது. அந்த மூன்று வீடுகள்தான் அவளுடைய பிழைப்பு. அதற்கு வெளியே அவளுக்கு வேறு வாசல் இல்லை. அந்த வருடம் மழை அதிகம். பின்சந்தில் சாக்கடை பொங்கி, குப்பையோடு சேர்ந்து கணுக்கால் வரை நின்றது. அதில் தினமும் நடந்து வந்து அவளுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மழை விடுகிற வரைக்கும் முன்வாசல் வழியாக வரட்டுமா என்று பத்ரிநாத்திடம் போய்க் கேட்டாள். தனக்கு மட்டுமில்லை, எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். பத்ரிநாத் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, இன்று மழை என்பீர்கள், நாளை வெயில் என்பீர்கள், ரூல் என்றால் ரூல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவளும் போய்விட்டாள். புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அதே சந்தில் நடந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் தெரியுமல்லவா, காரிலிருந்து கால்குலேட்டர் வரை எல்லாவற்றுக்கும் குங்குமம். பத்ரிநாத் உத்தமனுடைய அறைக்குள் போய், கம்ப்யூட்டரை அணைத்து, ஒயர்களையெல்லாம் பிடுங்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு சாமந்திச் சரத்தைச் சுற்றினான். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. எல்லோருக்கும் கடலைப்பூரி என்கிற பொரி கொடுத்தார்கள்; வேலைக்காரப் பெண்களுக்கு அது பின்வாசலில் கிடைத்தது. பிறகு ஒயர்களை எடுத்துக் கிடைத்த ஓட்டைகளில் சொருகிவிட்டுக் கைகூப்பினான். இந்த முறை கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்ததும் பின்வாசல் பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் பூஜ்யம் என்று கூப்பிட்டது. அதன்மேல் குற்றமில்லை. அதற்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வழக்கம்போலச் சந்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்வாசல் வழியாக. மாடிகளில் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. 'குளோரியா, முன்வாசல்.' 'ராதா, முன்வாசல்.' 'மரகதம், முன்வாசல்.' ஒருத்தராவது ஜன்னலைத் திறந்து வாசலை எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பத்ரிநாத்துக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் தவிப்பது அவனுக்குப் பழக்கமில்லை. இது ஒரு கலகம். போன மாதம் முன்வாசல் கேட்டவள் யார்? மரகதம். ஆகவே கலகத்தின் தலைவி மரகதம். அவளைக் கீழே கூப்பிட்டு விசாரித்தான். நான் பின்வாசலில்தான் வந்தேன் என்றாள் அவள். போனைக் காட்டினான். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு, அது தப்பு என்றாள்.

"மெஷினுக்கு உன்மேல என்ன கோவம்? அது எதுக்குப் பொய் சொல்லணும்?"

"எனக்கு மட்டும் பொய் எதுக்கு சார்? என் காலப் பாருங்க. முன்வாசல்ல வந்த காலா இது?"

பத்ரிநாத் காலைப் பார்க்கவில்லை. உத்தமனைக் கூப்பிட்டான். உத்தமன் முதலில் உண்மையைத்தான் சொன்னான், யாரும் முன்னால் வரவில்லை என்று. அப்படியானால் நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றான் பத்ரிநாத். தூங்குகிற வாட்ச்மேனை வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும் என்றான். உத்தமன் கொஞ்ச நேரம் செம்பருத்தியைப் பார்த்தான். பிறகு, தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னான். அவனை மன்னித்துவிடுங்கள், கண்ணுகளா. அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

மற்றப் பெண்களை எச்சரித்து விட்டுவிட்டார்கள். மரகதத்தின் கார்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான் பத்ரிநாத். முன்வாசல் வழியாக வந்தது தப்பு என்று ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னால் கார்டு திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கக் கூடாது. ஒரு ஸாரிதான். சொல்லிவிட்டுப் போயேன் அக்கா என்று உத்தமனே கெஞ்சினான். குளோரியாவும் சொன்னாள். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் அப்புறம் அந்த வீடுகளில் ஒரு டம்ளர் காணாமல் போனாலும் நான்தான் என்றாள் மரகதம்.

இரண்டாம் மாடியில் சீனிவாசராகவன், அசோசியேஷன் தலைவர். தலைமைச் செயலகமான விதான சௌதாவில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பாமா மாமிக்கு மரகதம் இல்லாமல் முதல் நாளே கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. சிங்க்கில் பாத்திரம் கோபுரமாய் ஏறிற்று. மாமி யாருக்கும் தெரியாமல் மரகதத்துக்குப் போன் செய்தாள். பத்ரிநாத் ஆபீஸ் கிளம்பினதும் வா என்றாள். பின்வாசலில் மற்றப் பெண்கள் பார்த்தால் விஷயம் வெளியே போய்விடும். முன்வாசல் வழியாகவே வந்துவிடு, உத்தமனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

மரகதம் சொன்னாள்: "அப்படி வந்தா மெஷின் சொன்னது நிஜமாயிடும் மாமி. வேணாம்."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லதுக்குச் சொன்னால் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டு நிருபமாவிடம் சொல்லிக்கொண்டாள். எதைச் சொன்னாள் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடியில் தாரணி வாடகைக்கு இருந்தாள். திருப்பத்தூர்ப் பெண். கம்ப்யூட்டருக்கும் அதில் சொருகுகிற கருவிகளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தி வைப்பதுதான் அவள் வேலை. அவளுடைய வீட்டு ஓனர் முகேஷ் ஷார்ஜாவில் இருந்தான். அன்று சாயங்காலம் வாடகை விஷயமாகப் போன் செய்தவன், நடுவில், நீங்கள் பின்வாசல் வழியாகவே வந்து போகிறீர்கள், ரொம்ப அடக்கம் என்று பாராட்டினான். தாரணிக்குப் பின்வாசல் எந்தப் பக்கம் என்றுகூடச் சரியாகத் தெரியாது. போனை வைத்துவிட்டு நேராகப் பத்ரிநாத் வீட்டு மணியை அடித்தாள்.

"சார், பூஜைக்கு ஒயரக் கழட்டினீங்களா?"

"கழட்டினேன். அதுக்கென்ன?"

"ரெண்டும் இடம் மாறியிருக்கும். ஜீரோ, ஒன்னுங்கிறது அதோட பேர் இல்ல சார். வந்த வரிசை."

பத்ரிநாத் சிரித்தான். தான் இந்தத் துறைக்கு வந்தபோது தாரணி ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்திருப்பாள் என்பதை நினைவூட்டினான். சும்மனே எதையாவது சொல்லி வேலைக்காரிக்குப் பரிந்துகொண்டு வர வேண்டாம் என்றான். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டான். ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போய், உத்தமனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, முன்வாசலில் தன் கார்டைக் காட்டினான். உள்ளே ஓடி வந்து திரையைப் பார்த்தான். 'பத்ரிநாத், பின்வாசல்.'

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? ஒருத்தியை அநியாயமாக நிறுத்திவிட்டோமே என்று நெஞ்சில் கை வைப்பான். பத்ரிநாத் ஒயரில் கை வைத்தான். இரண்டையும் பிடுங்கி மாற்றிச் சொருகி, எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டான். திரும்பக் கார்டைக் காட்டினான். 'பத்ரிநாத், முன்வாசல்.' உத்தமன் டீயோடு வருவதற்குள் உள்ளங்காலைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டான். மறுநாள் தாரணியை அவனே கூப்பிட்டு, வேண்டுமானால் சோதித்துப் பார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். சோதித்தாள். சரியாகத்தான் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் சான்று இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். மரகதம் ஒரு தூணோரமாக நின்றாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்திருக்கும். பத்ரிநாத் எழுந்து, ஒழுங்கு, கட்டுப்பாடு, டெக்னாலஜி என்று கொஞ்சம் பேசினான். எல்லோரும் காலை டிபனின் மயக்கத்தில் தலையாட்டினார்கள்.

"ஒரே ஒரு ஸாரி மரகதம். அதுக்கு மேல நாங்க ஒண்ணும் கேக்கலையே. கொத்தாயிதா, புரிஞ்சுதா?"

"வச்ச காலா இருந்தா சொல்லியிருப்பேன் சார். வைக்காத காலுக்கு என்னான்னு சொல்றது?"

தாரணி எழுந்தாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மீட்டிங்கில் பேச உரிமை இல்லை என்று பத்ரிநாத் சட்டப் புத்தகத்தைத் தொட்டான். சரி, நான் பேசவில்லை என்று தாரணி தலைவர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்க போனை மட்டும் கொஞ்சம் பாருங்க. விஜயதசமிக்கு மறுநாள் நீங்க எந்த வாசல்ல வந்தீங்கன்னு அதுலயே இருக்கும்."

சீனிவாசராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். புருவம் ஏறிற்று. போனைப் பாமா மாமியிடம் நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு, படி."

"பின்வாசல்னு போட்டிருக்கு. காத்தாலயும் அதான், சாயங்காலமும் அதான்."

"யாரு?"

"நீங்கதான்னா."

"நானா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், கண்ணுகளா. ஒரு பெண்ணின் பிழைப்புப் போனபோது அசையாத நரம்பெல்லாம் அப்போது அசைந்தது. வருஷக்கணக்காகச் சர்க்கார் கார் வாசலில் வந்து நின்ற மனுஷன். குப்பைத்தொட்டிச் சந்தில் நடந்ததாக எழுதி வைத்திருக்கிறதே இந்தப் பெட்டி.

"பத்ரி, அந்தச் சந்துல என் கால் பட்டதே இல்ல. உன் மெஷின்தான் பொய் சொல்றது."

மற்றவர்களும் போனை எடுத்தார்கள். காரில் வந்தவர்கள், நகை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள், எல்லோரும் பூஜையிலிருந்து மூன்று நாள் சாக்கடைச் சந்தில்தான் வந்து போயிருந்தார்கள். ஒரே கூச்சல். நிருபமா மட்டும் யோசித்து ஒரு சந்தேகம் கேட்டாள்: ஓனர்களுக்குத் தப்பாகவும் வேலைக்காரர்களுக்குச் சரியாகவும் மெஷின் காட்டியிருக்கலாமே? இரண்டு பேர் அதற்கும் தலையாட்டினார்கள். படித்தவர்கள்.

தாரணி வழி சொன்னாள். "ஒவ்வொரு ரீடருக்கும் உள்ள ஒரு சீரியல் நம்பர் இருக்கு சார். அத வச்சுக் கூப்பிட்டா எந்த ஓட்டையில சொருகினாலும் மாறாது. சின்ன வேலைதான், நானே பண்ணித் தர்றேன்."

செய்தால் அதுவரை செய்தது தப்பு என்றாகிவிடும். பத்ரிநாத் தேவையில்லை என்றான். இப்போது எல்லாம் ஸ்டேபிள் என்றான். துப்புரவுப் பணியால் ஏற்பட்ட ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். மரகதத்துக்கு மனிதாபிமான அடிப்படையில் கார்டைத் திருப்பித் தருவது என்றும் எழுதிக்கொண்டார்கள். கவனியுங்கள், மனிதாபிமானம். திருடின பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்தேன் என்கிற மாதிரி.

கார்டை வாங்கிக்கொண்டு மரகதம் அங்கேயே நின்றாள்.

"தப்பு உன்னுது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

சீனிவாசராகவன் பத்ரிநாத்தைப் பார்த்தார். பத்ரிநாத் நாற்காலிகளைப் பார்த்தான்.

"அதான் வரச் சொல்லிட்டமே. நாளைலேர்ந்து வா," என்றார் பெரியவர். "பின்வாசல் வழியா."

மறுநாள் காலை மரகதம் பஸ்ஸிலிருந்து இறங்கி, சந்துக்குத் திரும்பாமல் நேராக நடந்து, கருங்கல் படியில் காலை வைத்தாள். உத்தமன் எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் திரும்பிக்கொண்டு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். கார்டைக் காட்டினாள். பீப். மாடியெல்லாம் போன் கத்திற்று. 'மரகதம், முன்வாசல்.'

பாமா மாமி போனைப் பார்த்தாள். பாழாய்ப்போன மெஷின் மறுபடி உளறுகிறது என்று கீழே வைத்தாள். நிருபமாவும் அப்படியே. நேற்றுத்தானே பெட்டி பொய் சொல்கிறது என்று கூடித் தீர்மானம் போட்டிருந்தார்கள்! பத்ரிநாத் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு படி இறங்கி ஓடினான். தலைவருக்கு இன்னொரு முறை பின்வாசல் என்று வந்துவிட்டால் காரியதரிசி பதவி போய்விடும். போனவன் வாசலைப் பார்க்கவில்லை. கார்டைக் காட்டிச் சோதிக்கவும் இல்லை. நுரையும் பனியனுமாகப் படியில் நின்று கார்டு காட்ட அவன் கௌரவம் இடம் தரவில்லை. இரண்டு ஒயரையும் பிடுங்கினான். மாற்றிச் சொருகினான்.

தாரணி ஆபீஸ் பையோடு மாடிப்படியில் நின்றாள். முன்வாசலில் மரகதம் ஏறி வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"மறுபடி வரிசை மாறியிருந்துது," என்றான் பத்ரிநாத், மூச்சு வாங்க. "சரி பண்ணிட்டேன்."

"டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

அப்போது குளோரியா கருங்கல் படியேறி வந்தாள். மரகதம் போனதைத் தெருமுனையிலிருந்து பார்த்திருக்கிறாள். பீப் என்றது. பத்ரிநாத்துக்கு முதுகுப் பக்கம் வாசல், கையில் போன். 'குளோரியா, பின்வாசல்.'

"பாரு, இதுதான் டெஸ்ட்," என்று போனைத் தாரணியிடம் நீட்டினான்.

தாரணி பார்த்தாள். ரொம்பச் சரியாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்றிலிருந்து எல்லாப் பெண்களும் முன்வாசலில்தான் வருகிறார்கள். பெட்டி எல்லோரையும் பின்வாசல் என்று எழுதுகிறது. ஓனர்களையும் அப்படித்தான் எழுதும். கூச்சல் ஓய்ந்ததும் தங்கள் பதிவை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. விதிமீறல் ஒன்றுகூட இல்லை என்று பத்ரிநாத் அடுத்த மீட்டிங்கில் சொன்னான், கைதட்டினார்கள்.

ஒரு நாள் பாமா மாமி, மரகதம் கழற்றிப் போட்ட செருப்பில் சேறே இல்லாததைப் பார்த்துவிட்டாள். வெளியே நல்ல மழை.

"எந்தப் பக்கமா வந்தே நீ?"

மரகதம் பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்க போன் என்னா சொல்லுது மாமி?"

மாமி எடுத்துப் பார்த்தாள். "பின்வாசல்னு போட்டிருக்கு."

"அப்ப சரி," என்று மரகதம் குழாயைத் திறந்தாள்.